அது சாகப் போகிற மீன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன கிழமை உங்கள் பத்திரிகையில் வசந்தகால மீன்பிடி பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நம்மவர்கள் வீடு, வேலை என்று மட்டும் இருக்காமல் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது நல்ல விஷயம், அதற்கு நன்றி. ஆனால் ஏப்ரலில் ஆறுகளில் ஏறி வரும் பெரிய மீன்கள் சல்மன் என்றும், முட்டையிட்டதும் அவை எப்படியும் செத்துவிடும் என்பதால் பிடித்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வருவதில் தப்பில்லை என்றும் அதில் இருக்கிறது. பிறகு, ஆற்றில் அந்த மீன்கள் தூண்டிலில் கோத்த சினையைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்காது, ஸ்பூன் என்கிற கரண்டி வடிவ உலோக இரை படகில் போய் ஏரியில் இழுப்பதற்கு மட்டும்தான் என்றும் இருக்கிறது. இரண்டும் பிழை. 18 வருடமாகக் கனடாவில் ஒன்ராறியோ ஏரிக்கு வந்து சேரும் ஆறுகளில் ஸ்பூன் எறிந்து மீன் பிடிக்கிறேன், அதனால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கடிதம் நீண்டுவிட்டது, முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

ஏப்ரலில் வருவது ஸ்டீல்ஹெட். ரெயின்போ ட்ரவுட் என்று கடையில் வாங்குகிறோமே, அதே இனம்தான், ஆனால் இது ஓடையில் பிறந்து ஒன்று முதல் மூன்று வருடம் வரை அங்கேயே வளர்ந்து, பிறகு உடம்பெல்லாம் வெள்ளி நிறமாக மாறிக் கடலுக்கோ பெரிய ஏரிக்கோ இறங்கி, அங்கே தின்று பெருத்து, முட்டையிடுவதற்காகத் திரும்ப ஆற்றில் ஏறுகிறது. தலையும் முதுகும் உருக்கின் நீலம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். இதன் சொந்த இடம் பசிபிக் கரை, கலிபோர்னியாவில் இருந்து பிரிட்டிஷ் கொலம்பியா, அலாஸ்கா வரைக்கும், அந்தப் பக்கம் ரஷ்யாவின் கம்சட்காவிலும் உண்டு. ஒன்ராறியோ ஏரி உள்ளிட்ட பேரேரிகளுக்கு 1870களில் மனிதர் கொண்டு வந்து விட்டார்கள். இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வெள்ளைக்காரர் விட்டதும், நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் கட்டி வளர்த்ததும் இதே இனத்தைத்தான், அங்கே அது மலை ஓடையிலேயே வாழ்ந்து சின்னதாகவே இருந்துவிடுகிறது.

குழப்பம் எங்கே வருகிறது என்பது எனக்கு விளங்குகிறது. செப்டம்பர், ஒக்டோபர் மாதங்களில் ஹைலண்ட் கிரீக்கிலும் ரூஜ் ஆற்றிலும் டஃபின்ஸ் கிரீக்கிலும் முதுகு வெளியே தெரிய ஏறி வருவது சினூக் சல்மன். அது முட்டையிட்டதோடு முடிந்துவிடும், கரையெல்லாம் செத்த மீன் கிடந்து நாறும், ஸ்காபரோவிலும் ஏஜக்ஸிலும் இருக்கிற நம் ஆட்கள் வருடா வருடம் அதைப் பார்த்திருக்கிறார்கள். அதையே வசந்தத்தில் வருகிற மீனுக்கும் பொருத்திவிடுகிறார்கள். ஸ்டீல்ஹெட் அப்படி இல்லை. ஏப்ரல் மாதத்தில் பெண் மீன் வாலால் கூழாங்கல்லைக் கிளறிக் குழி பறித்து, அதில் முட்டையிட்டு, கல்லால் மூடிவிட்டு, மெலிந்து போன உடம்போடு திரும்ப ஏரிக்கு இறங்கும். பிழைத்துக்கொண்டால் அடுத்த வருடம் இன்னும் பெரிதாகி, இன்னும் கூடுதலான முட்டைகளோடு அதே ஆற்றுக்கு வரும். மூன்றாம் தரம் வருகிறதும் உண்டு. ஏப்ரல் நான்காம் சனிக்கிழமை நம் பகுதியில் ட்ரவுட் பருவம் திறக்கும்போது நாம் பிடிக்கிற மீன்களில் நிறைய இப்படி முட்டையிட்டு முடித்து ஏரிக்குத் திரும்புகிற மீன்கள்தான். ஆற்றில் தப்பிப் பிழைத்து, வேலையை முடித்து, வீட்டுக்குப் போகிற வழியில் நிற்பவை.

சில வருடங்களுக்கு முன் போர்ட் ஹோப்பில், கனராஸ்கா ஆற்றங்கரையில், பருவம் திறந்த அன்று காலை ஒரு தம்பியைக் கண்டேன், 25 வயது இருக்கும். கரையில் நான்கு கிலோவுக்குக் குறையாத ஒரு பெண் மீனைப் போட்டுவிட்டு வயிற்றைக் கீறிச் சினையை மட்டும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் எடுத்துக்கொண்டிருந்தார். மீனை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அண்ணை, இது எப்படியும் சாகிற மீன்தானே, சினை இருந்தா இன்னும் நாலைஞ்சு பிடிக்கலாம்" என்றார். கெட்ட பொடியன் இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான். நான் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினேன், கேட்டதும் முகம் மாறிவிட்டது. சாப்பிடக்கூடிய மீனின் சதையை வீணாக்குவது ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம் என்பதும் அவருக்குத் தெரியாது. அந்த மீனை அவர் வீட்டுக்குக் கொண்டு போனார். உங்கள் கட்டுரையை வாசித்தபோது எனக்கு முதலில் அவர் ஞாபகம்தான் வந்தது, ஏனென்றால் இனி அப்படி யாரைக் கேட்டாலும் "பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள்" என்பார்கள்.

சிலர் கேட்கலாம், இது வெளியில் இருந்து கொண்டு வந்த மீன், அழிந்தால்தான் என்ன என்று. இன்றைக்குக் கனராஸ்கா போன்ற ஆறுகளில் ஏறுகிற ஸ்டீல்ஹெட்டுகள் அந்த ஆற்றுக் கல்லிலேயே பிறந்தவை. அங்கே கோர்பெட் அணையில் 1974இல் மீன் ஏறுவதற்கான ஏணிப்பாதை போட்டதற்குப் பிறகுதான் மேல் ஓடைகள் அவற்றுக்கு நன்றாகத் திறந்தன. இந்த ஏரிக்கென்றே முன்பு அட்லாண்டிக் சல்மன் இருந்தது. காடு வெட்டி, ஆற்றுக்குக் குறுக்கே ஆலைகளுக்கு அணை கட்டி, கணக்கில்லாமல் பிடித்து, 1900க்கு முன்பே அதை இல்லாமல் செய்துவிட்டார்கள். ஒரு ஏரி ஒரு முறை இழந்தது போதாதா?

சரி, ஸ்பூனுக்கு வருகிறேன், எனக்குச் சொல்ல வேண்டியதில் பாதி இதுதான்.

சினை போட்டால் மீன் பிடிபடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சினை உண்மையான சாப்பாடு, மீன் அதை விழுங்கிவிடுகிறது, மிதவை அமிழ்வதைக் கவனிக்க ஒரு கணம் பிந்தினால் கொளுக்கி தொண்டைக்குள் போய்விடும், செவுள் கிழியும். அந்த மீனை விட்டாலும் பிழைப்பது கஷ்டம். ஸ்பூன் உலோகம். மீன் ஓடி வந்து அடிக்கும், அடித்த இடத்தில், அதாவது பெரும்பாலும் வாயின் ஓரத்தில், கொளுக்கி ஏறும். ஒரு நிமிடத்தில் கழற்றி விடலாம். எடுத்து வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தில் நம்மை வைக்காத இரை அது.

ஸ்பூன் நேற்று வந்த சாமானும் இல்லை. அமெரிக்காவில் வெர்மான்ட் பக்கம் ஜூலியோ ப்யூல் என்பவர் படகில் இருந்து சாப்பிடும்போது கரண்டி ஒன்றைத் தண்ணீருக்குள் தவறவிட்டார், அது மினுங்கி மினுங்கி இறங்கும்போது ஒரு மீன் பாய்ந்து கவ்வியது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1852இல் அவர் ஸ்பூனுக்குக் காப்புரிமை எடுத்தது உண்மை. கரண்டியின் காம்பை வெட்டிவிட்டு, ஒரு நுனியில் தங்கூசி, அதாவது தூண்டில் நூல், மறு நுனியில் கொளுக்கி, அவ்வளவுதான் அமைப்பு. வளைந்த தகடு என்பதால் ஓடுகிற தண்ணீர் அதைப் பக்கத்துக்குப் பக்கம் தள்ளாட வைக்கிறது, அடிபட்ட சின்ன மீன் ஒன்று புரண்டு புரண்டு போகிற மாதிரி. ஊரில் சூரைக்கும் அறக்குளாவுக்கும் மினுங்குகிற இரையைப் படகின் பின்னால் இழுத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வித்தியாசம் என்னவென்றால் ஆற்றில் நாம் இழுப்பதில்லை, ஆறுதான் இழுக்கிறது. இதை விளங்கிக்கொள்ள எனக்கே இரண்டு பருவம் எடுத்தது.

புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் ஸ்பூனை எறிந்துவிட்டு ரீலைச் சுற்றுகிறார்கள். சுற்றினால் ஸ்பூன் மேலே எழும்பிப் பம்பரம் மாதிரிச் சுழலும், தங்கூசி முறுக்கிக்கொள்ளும், மீன் திரும்பியும் பார்க்காது. குளிர் தண்ணீரில் நிற்கிற ஸ்டீல்ஹெட் தரையை ஒட்டி நிற்கும், நாலடி தாண்டி வந்து ஒன்றைத் துரத்துகிற மனநிலை அதற்கு இருக்காது, அதுவும் தண்ணீர் 4 பாகைக்குக் கீழே என்றால் இன்னும் மந்தம். ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: அக்கரையைப் பார்த்து, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்வாக எறியுங்கள். எறிந்ததும் ஸ்பூன் இறங்க இரண்டு மூன்று எண்ணிக்கை விடுங்கள். பிறகு தங்கூசியைத் தளர்வில்லாமல் பிடித்துக்கொண்டு, தடியின் நுனியைத் தாழ்த்தி, சும்மா நில்லுங்கள். நீரோட்டம் தங்கூசியைத் தள்ளும், ஸ்பூன் ஒரு வில் மாதிரி வளைந்து அக்கரையில் இருந்து இக்கரைக்கு மெல்ல வந்து சேரும். தடியில் அதன் துடிப்புக் கையில் தெரிய வேண்டும், டுக் டுக் டுக் என்று, அவசரமில்லாமல். துடிப்பு விரைந்தால் வேகம் கூடிவிட்டது, கொஞ்சம் தங்கூசி விட்டுக்கொடுங்கள். துடிப்பே இல்லையென்றால் மட்டும் ஒரு சுற்று, இரண்டு சுற்று சுற்றலாம். இடைக்கிடை ஒரு கல்லில் தட்டினால் சரியான ஆழத்தில் போகிறது என்று அர்த்தம். வந்து கரையோரம் உங்களுக்கு நேர் கீழே தொங்கும்போது உடனே எடுத்துவிடாதீர்கள், ஐந்து விநாடி அப்படியே விடுங்கள், பின்னால் தொடர்ந்து வந்த மீன் அந்த இடத்தில்தான் அடிக்கும். பிறகு இரண்டு அடி கீழே நடந்து, திரும்ப எறியுங்கள். இப்படியே ஆற்றின் ஒரு நீட்டு முழுவதையும் துழாவிக்கொண்டு இறங்கலாம்.

மீன் நிற்கிற இடம் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் நடக்கிற வேகத்தில் தண்ணீர் ஓடுகிற, இடுப்பளவில் இருந்து ஓர் ஆள் ஆழம் வரையுள்ள இடங்கள். ஆழமான மடு முடிந்து தண்ணீர் ஆழம் குறைந்து வழுக்கிக்கொண்டு போகிற அந்தக் கடைசிப் பகுதி, வேகமான தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசுகிற கோடு, பெரிய கல்லின் பின்பக்கம். மழை பெய்து கலங்கின ஆறு தெளியத் தொடங்கி, பச்சையும் நீலமுமாக இரண்டு அடிக்குப் பார்வை போகிற நாள் கிடைத்தால் வேலைக்கு லீவு போட்டாவது போய்விடுவேன், ஸ்பூனுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. அப்படிப்பட்ட நாளில் வெள்ளி நிறம், இன்னும் கலங்கலாக இருந்தால் செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ கலந்தது, தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து வற்றிவிட்டால் மங்கின செம்போ பித்தளையோ. எடை நம் சின்ன ஆறுகளுக்கு 7 கிராம் முதல் 11 கிராம் வரை போதும். முதுகு கூனின லிட்டில் கிளியோ என்கிற ஸ்பூன் ஒன்றிரண்டு எல்லாக் கடையிலும் கிடைக்கும், அதிலேயே தொடங்கலாம்.

வாங்கினதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதில் தொங்குகிற மூன்று முனைக் கொளுக்கியைக் கழற்றிவிடுவது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். தொடங்கின காலத்தில் நான் அப்படியே எறிந்தேன். வில்மட் கிரீக்கில் ஒரு பெண் மீன், இரண்டு முனை மேல்வாயிலும் ஒரு முனை செவுளிலுமாக வந்தது, கழற்றுவதற்குள் என் கையெல்லாம் அதன் இரத்தம். விட்டேன், பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே போனது, கொஞ்சத் தூரம் கீழே வெள்ளை வயிறு தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து பெட்டியில் இருந்த எல்லா ஸ்பூனிலும் மாற்றினேன். நீண்ட காம்புள்ள ஒற்றைக் கொளுக்கி, கடையில் சைவாஷ் என்று கேட்டால் தருவார்கள், 1 அல்லது 1/0 அளவு. கண் திறந்தே வரும், வளையத்தில் கோத்துக் குறட்டால் நெரித்து மூடிவிடலாம். அதே குறட்டால் கொளுக்கி நுனிக்குக் கீழே இருக்கிற சின்ன எதிர்முள்ளையும் நசுக்கிவிடுங்கள். மீன் கழன்றுவிடுமே என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். தங்கூசியைத் தளரவிடாமல் பிடித்தால் கழலாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆறுகளில் எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொளுக்கிதான் சட்டம், காட்டு ஸ்டீல்ஹெட்டைத் திரும்ப விட்டே ஆகவேண்டும் என்பதும் சட்டம், பொரிப்பகத்தில் வளர்த்து முதுகின் பின்னால் உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டி அடையாளமிட்ட மீனை மட்டும்தான் அனுமதித்த இடங்களில் எடுக்கலாம். அங்கே அவர்கள் அப்படித்தான் காலங்காலமாகப் பிடிக்கிறார்கள், ஸ்பூனாலேயே.

விடுகிற மீனைக் கல்லுக்கு மேல் இழுத்துப் போடாதீர்கள், செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்காதீர்கள். முழங்கால் அளவு தண்ணீரிலேயே வைத்து, கையை நனைத்துக்கொண்டு, வாலைப் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பிப் பிடித்தால் அதுவாகவே உதறிக்கொண்டு போகும். படம் வேண்டுமென்றால் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரே தூக்கு, அவ்வளவுதான். பிறகு, ஆற்றில் இறங்கி நடக்கும்போது சுற்றியுள்ள கல்லைவிட வெளிறி, துப்புரவாக்கின மாதிரித் தெரிகிற கூழாங்கல் திட்டுகளை மிதிக்காதீர்கள். அது முட்டையிட்ட குழி. மூடின கல்லுக்குக் கீழே முட்டைகள் வாரக்கணக்கில் இருக்கும்.

நயாகரா ஆறு பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. ஆம், நீர்வீழ்ச்சிக்குக் கீழே பள்ளத்தாக்கில், வேர்ல்பூல் என்கிற பெரிய நீர்ச்சுழிப் பக்கம், குளிர்காலம் முழுக்க ஸ்டீல்ஹெட் பிடிக்கலாம், 21 கிராம் எடையுள்ள ஸ்பூனைத் தூர எறிய வேண்டும், அருமையான இடம். ஆனால் தனியாகப் போகாதீர்கள். படியும் பாறையும் பனியில் உறைந்திருக்கும், மின் நிலையங்களுக்குத் தண்ணீர் திருப்புவதால் ஒரு பகலுக்குள்ளேயே நீர்மட்டம் ஏறி இறங்கும், காலையில் நின்ற பாறை மத்தியானம் இருக்காது. அங்கே தண்ணீருக்குள் ஓர் அடிகூட இறங்கக் கூடாது. மற்ற ஆறுகளில் இறங்குகிறவர்களும் ரப்பர் உடைக்கு மேல் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டுங்கள், விழுந்தால் உடைக்குள் தண்ணீர் விரைவாக நிரம்பாமல் இருக்க அது ஒன்றுதான் உதவி. நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை போடாமல் கரைக்குக் கூட்டிப் போக வேண்டாம்.

அனுமதி அட்டை, அதாவது அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி உரிமமும் 18 வயது முதல் 64 வயது வரையுள்ள அநேகமாக எல்லோரும் எடுக்க வேண்டும். மீன் ஏணிக்குக் கீழே சுமார் 23 மீட்டருக்குள் தூண்டில் போடக் கூடாது. வாயில் அல்லாமல் வயிற்றிலோ வாலிலோ கொளுக்கி மாட்டி வந்த மீனை உடனே விட வேண்டும். ஒவ்வொரு ஆற்றுக்கும் எந்தப் பகுதி எப்போது திறந்திருக்கும் என்பது வேறுபடும், மாகாண அரசு வருடா வருடம் வெளியிடும் விதிமுறைச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நான் மீன் சாப்பிட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் வருடத்தில் ஒன்றிரண்டு எடுக்கிறேன், ஒரு கிலோ ஒன்றரைக் கிலோ வரும் சின்ன ஆண் மீனாகப் பார்த்து எடுப்பேன், வீட்டில் புளி விட்டுக் குழம்பு வைத்தால் நன்றாக இருக்கும். பெரிய பெண் மீனை விடச் சொல்கிறேன். ஒன்ராறியோ அரசு வெளியிடும் மீன் உண்ணும் வழிகாட்டியைப் பார்த்தாலும் இதே பக்கம்தான் வரும்: ஏரியில் வருடக்கணக்காய்த் தின்று வளர்ந்த பெரிய மீனில் பாதரசமும் பிசிபி இரசாயனமும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும், கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் எவ்வளவு சாப்பிடலாம் என்று ஆறு வாரியாக, நீளம் வாரியாக அட்டவணை இருக்கிறது. ஐந்து கிலோ மீனைப் பெருமையாகக் கொண்டு வந்து மகளுக்கு ஊட்டுவதற்கு முன் அதை ஒரு தரம் பார்ப்பது நல்லது.

ஆசிரியரிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஏப்ரல் நான்காம் சனிக்கிழமைக்கு முன் வருகிற இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், ஸ்டீல்ஹெட் முட்டையிட்டதும் சாகிற மீன் அல்ல என்று ஒரு திருத்தம் போடுங்கள். பருவம் திறக்கிற அன்று விடியக்காலை கனராஸ்காவில், நகரத்துக்கு மேலே உள்ள வளைவில் நான் நிற்பேன். கொளுக்கி மாற்றின ஸ்பூன்கள் பத்துப் பன்னிரண்டு பையில் இருக்கும், தமிழில் கேட்கிற யாருக்கும் ஒன்று தருவேன், எறிவதையும் காட்டித் தருவேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்